போத்தல் பார்க்கும் அமராவதி

மழை தூறத் தொடங்கினால் அமராவதி அடுப்பைத் தணித்துவிட்டு முற்றத்துக்கு வருகிறாள். கம்பத்தில் கட்டிய பிளாஸ்டிக் போத்தலின் முன் குனிந்து, ஒரு கண்ணை மூடி நீர்மட்டத்தைப் பார்க்கிறாள். உள்ளே போய்ச் சோற்றைக் கிளறுகிறாள். மறுபடி வருகிறாள். தேநீர் ஆறிப்போகும், துவைத்த துணி பாதியில் கிடக்கும். வானத்தை மட்டும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "மேல பாத்தா நெஞ்சு பெசையுது" என்பாள்.

இலங்கையில், பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். வயது ஐம்பத்தொன்பது. பகல் முழுக்க லயத்து வரிசைவீட்டில் இருப்பதால் மழை அளக்கும் வேலை அவளிடம் வந்தது. இலக்கம் வாசிக்கத் தெரியாது. கைக்குழந்தைக்காரியான மருமகள் நிருஷா, தன் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் போத்தலில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு காலையும் போத்தலைக் காலிசெய்ய வேண்டும். மறுநாள் காலைக்குள் நீர் கோட்டைத் தொட்டுவிட்டால், கூரையோரம் தொங்கும் எண்ணெய்த் தகரத்தை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டால், மண் சரியுமுன் இருபத்திரண்டு குடும்பமும் கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓடும்.

நெஞ்சு விஷயம் போன வருடத்தது. புயல் மழையில் மேட்டு லயம் மண்ணோடு இறங்கியது. உள்ளே அவள் தம்பி இருளப்பன். சேற்றில் நின்று அவன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு, மார்பில் அம்மிக் குழவியை வைத்து அழுத்தியதுபோல் வலித்தது. மலைமுனி அடித்துவிட்டது என்று பூசாரி மஞ்சள் கயிறு கட்டினார். அந்த முனிக்கு லயத்துக் கூரைகள்மேல் என்ன வன்மமோ, துரை பங்களா இருக்கும் மேட்டை அது ஒருநாளும் அடித்ததில்லை. பாதை திறக்க இரண்டு நாள் ஆனது. அவளைக் கண்டிக்குக் கொண்டுபோன அன்றுதான் தம்பியின் உடலைத் தோண்டி எடுத்தார்கள்.

மாரடைப்பென்றே எல்லோரும் நினைத்தார்கள். குழாய் விட்டுப் பார்த்த டொக்டர் றமீஸா, எங்கும் அடைப்பே இல்லை என்றார். பெரும் பயத்திலும் துக்கத்திலும் உடம்பில் பொங்கும் சுரப்புகள் இதயத்தைத் திகைக்க வைத்திருக்கலாம். அதன் கீழ்ப்பாதி சுருங்க மறந்து, கழுத்துச் சிறுத்த மண் முட்டிபோல் ஊதியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம். சிலருக்குக் கடும் நோயோ சத்திரசிகிச்சையோ காரணமாகும், சிலருக்கு ஏனென்றே தெரியாது. பெரும்பாலும் சில வாரங்களில் இதயம் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். ஆனால் மறுபடியும் வரலாம்.

"பயப்படாம இருக்கணும், அம்மா."

"அப்ப மழைக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்க டொக்டரம்மா, எங்க லயத்துப் பக்கம் வராதன்னு."

டொக்டர் சிரிக்கவில்லை. எங்கே திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார். அதே லயம்தான். மண்சரிவு அபாயம், இங்கே குடியிருக்கக் கூடாது என்று அதன் சுவரில் மூன்று மொழியிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்கே போவது என்று ஒரு மொழியிலும் எழுதவில்லை. ஐந்து தலைமுறை முதுகொடிந்த மலையில், மண் சரியாத, ஒரு வீடு கட்டப் போதுமான பத்துப் பேர்ச் காணி இவர்களுக்கென்று இன்னும் அளக்கப்படவில்லை.

வீடு திரும்பியதும் அமராவதி பூசாரியின் கயிற்றை அவிழ்த்துப் போத்தலைக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டினாள். மாத்திரைகளை மடியில் முடிந்துகொண்டாள். தை மாதம், நீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கும்போதே பயத்தில் தகரத்தை அடித்துவிட்டாள். மண் இறங்கவில்லை. வேலையை விட்டு ஓடியவர்களுக்கு அரைநாள் பேர் வெட்டுப்பட்டுக் கூலி போனது. அதிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கேலிதான்.

"அமராவதியக்கா, அடிக்கிறது தகரமா, நெஞ்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி. ஒண்ணு நின்னா மத்ததும் நின்னுரும்."

இந்த ஐப்பசியில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து விடாத மழை. பகல் மூன்று மணிக்குப் போத்தலில் மூன்று விரல் தண்ணீர்தான் இருந்தது. நெஞ்சு சற்றே இளகியது. திரும்பும்போது முற்றத்து நடுவில், காலையில் வெறுமையாக விட்டிருந்த வாளி கண்ணில் பட்டது. அதற்குள் கையை விட்டாள். விரல் அடியைத் தொடும் முன்பே தண்ணீர் மணிக்கட்டைத் தாண்டியது.

நிருஷா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போத்தல்ல கை வச்சியா, நிருஷா?"

"டொக்டர் பயப்படக் கூடாதுன்னாங்கல்ல, மாமி. நீங்க உள்ள போறப்ப கீழ ஊத்திட்டேன். மூணு தடவ."

"ஒவ்வொரு தடவையும் எம்புட்டு இருந்துச்சு?"

"கோட்டுக்குப் பாதி."

ஊற்றியதையும் கூட்டினால், கோடு எப்போதோ மூழ்கியிருக்கும். அமராவதி பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். லயத்துக்குப் பின்னால் வடிகானில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மேட்டிலிருந்து ஒரு சிறு கல் உருண்டு கூரையில் தட்டி விழுந்தது. பழைய குழவி மெல்ல அவள் மார்பில் ஏறி உட்கார்ந்தது. நிருஷா கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"நீ பிள்ளையத் தூக்கு" என்றாள் அமராவதி.

பிறகு, வீறிடும் குழந்தையை அமர்த்துவதுபோல இடது உள்ளங்கையால் தன் மார்பை மெல்லத் தட்டிக்கொண்டே, வலது கையால் கட்டையை எடுத்துத் தகரத்தை ஓங்கி அடித்தாள்.