எலுமிச்சம்பழம் கட்டிய கம்பி

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் இங்கே விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடுகிறது. ஃபின்லாந்துக்கு வந்து இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். என் மனைவி சரோஜாவுக்கு இன்னும் இது பழகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி நீலமாக மாறுவதைப் பார்த்தபடி, "ஏனுங்க, உண்ட சோறு இன்னும் எறங்கலீங்க. அதுக்குள்ள வெளக்கு வெச்சா சாமி என்ன நெனைக்கும்?" என்பாள். பொழுது போனால் விளக்கு வைப்பதுதான், பொழுது எப்போது போக வேண்டும் என்று நாமா சொல்வது என்பேன் நான். பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இங்கே மூன்று மணி என்றால் கோயமுத்தூரில் ஆறரை. அவள் அம்மா வீட்டிலும் ஏறக்குறைய அதே வேளையில்தான் விளக்கு எரிகிறது. குளிர்காலத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே அந்தி. அது தெரிந்ததிலிருந்து அவள் மறுபேச்சு இல்லாமல் திரியைத் திரிக்கிறாள்.

எனக்கும் அந்த அந்திதான் வேண்டும். ஆனால் காரணம் வேறு. நான் ஹாம் ரேடியோக்காரன். பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களோடு மோர்ஸ் தந்தியில் பேசுகிற பொழுதுபோக்கு இது. இதில் எண்பது மீட்டர் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளுக்கு வெயில் ஆகாது. பகலில் பக்கத்து மாவட்டத்தைத் தாண்டத் திணறும். பொழுது சாய்ந்தால் கடலைத் தாண்டும். வருஷத்தில் சில சனி ஞாயிறுகளில் போட்டி வைப்பார்கள், யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்கள், எத்தனை நாட்டைப் பிடிக்கிறார்கள் என்று. ஜெயித்தால் ஒரு சான்றிதழ் தபாலில் வரும். அந்தக் காகிதத்துக்குத்தான் இத்தனை வயிற்றெரிச்சல்.

கோயமுத்தூர் சிங்காநல்லூரில் எங்கள் வீடு குளத்துப் பக்கம். ஈர மண் இருந்தால் தாழ்ந்த அலை நன்றாகக் கிளம்பும் என்பது இந்த விஷயத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரத்து உச்சிக்குக் கம்பி இழுத்துக் கட்டினேன். மில்லில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை என்னுடையது, அதனால் கம்பிக்குப் பஞ்சமில்லை. கட்டி முடித்ததும் சென்னிமலை முருகன் விபூதியை இரண்டு முனையிலும் பூசி, கண் பட்டுவிடக் கூடாது என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கம்பியில் எனக்குக் கிடைத்த மரியாதையை இங்கே யாரிடம் சொன்னாலும் புரியாது. எண்பது மீட்டரில் இந்தியா கிடைப்பது ஐரோப்பாக்காரர்களுக்கு அபூர்வம். நான் ஒருமுறை கூப்பிட்டால் போதும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குள் பண்டிகை நாளில் ஈரோட்டு பஸ் நுழையும்போது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூட்டம் பாயுமே, அப்படிப் பாய்வார்கள். இத்தாலியில் ஒரு டாக்டர், ஜெர்மனியில் ஒரு என்ஜினீயர், எல்லோரும் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்த என் பதிலுக்காகக் காத்து நிற்பார்கள். நான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்வேன்.

சரோஜாவின் தம்பி தண்டபாணி அடுத்த வீதியில் இருந்தான். அவனும் நானும் ஒன்றாகப் பரீட்சைக்குப் போனவர்கள். சொந்த நாட்டுக்காரனோடு பேசினால் போட்டியில் மதிப்பெண் கிடையாது, வேறு கண்டத்துக்காரனோடு பேசினால் மூன்று. இது தெரிந்தே அவன் நடுவில் புகுந்து கூப்பிடுவான். மறுநாள் வீட்டுக்கு வந்தால் நான், "கூட்டம் நிக்கறப்ப நீ எதுக்கு மாப்ளே குறுக்க வாரே? உன்னப் புடிச்சா எனக்குப் பூஜ்யம்" என்பேன். அவன் சிரித்துக்கொண்டே காப்பி குடிப்பான்.

நான் வேலை பார்த்த மில்லுக்கு இயந்திரம் அனுப்பிய கம்பெனி என்னை இங்கே கூப்பிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தண்டபாணி குடிவந்தான். வீட்டோடு ரேடியோ செட்டும் தென்னை மரத்துக் கம்பியும் அவன் கைக்குப் போயின. எனக்கு இங்கே இரண்டாவது மாடியில் வாடகை வீடு. பால்கனியிலிருந்து எதிரே இருக்கும் பிர்ச் மரத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு மெல்லிய கம்பிக்குத்தான் குடியிருப்புச் சங்கம் சம்மதித்தது. ஃபின்லாந்து லைசென்ஸ் வாங்கி முதல்முறை கூப்பிட்டபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் வீதிக்கு வீதி ஹாம் இருக்கிறான். இன்னொருவன் யாருக்கு வேண்டும்?

முதல் குளிர்காலத்தில் ஒரு அந்தியில் அவன் சத்தத்தைக் கேட்டேன். மோர்ஸில் எல்லாம் புள்ளியும் கோடும்தான்; கடைசிக் கோடு ஒன்றை மட்டும் கொஞ்சம் இழுத்து அடிப்பது தண்டபாணியின் கை. அவன் மேல் ஐரோப்பாவே விழுந்து கிடந்தது. அவன் நிதானமாக ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தான், நான் ஏற்றிய மாதிரியே, என் கம்பியில். நானும் துண்டு போட்டுப் பார்த்தேன். என் துண்டு ஜன்னல்வரை போகவே இல்லை. சரோஜாவுக்குக் காதுக்குழாயைக் கொடுத்தேன். டிக்டிக் என்ற சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. "அத்தனை பேரும் எந்தம்பியையா கூப்படறாங்க?" என்று கண் கலங்கினாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவளுக்குக் கலங்கியது போல அல்ல.

தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் எய்னோவும் ஹாம்தான். காட்டுக்குள் பெரிய கோபுரம் வைத்திருக்கிறான். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். ஒரு திங்கட்கிழமை அவனே என்னிடம் வந்து, "இந்தியா. எண்பது மீட்டர். ஹூவா" என்றான். அவர்கள் பாஷையில் நன்று என்று அர்த்தம். என் தேசத்தைப் புகழ்ந்தால் நான் குளிர்ந்துபோவேன் என்று நினைத்திருப்பான் பாவம். "அது என் ஆன்டெனா" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அவன் கொஞ்சம் யோசித்தான். ஒருநாள் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தபோது பால்கனிக் கம்பியை அவன் பார்த்திருக்கிறான். "ஆமாம். உன்னுடையது சின்னது" என்று ஆறுதலாகச் சொல்லித் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அதற்கு மேல் எப்படி விளக்குவது?

இந்த வருஷம் கார்த்திகைத் தீபமும் போட்டியும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. அதற்கு முந்தின வாரம் ஊருக்குப் போன் செய்தோம். எடுத்தது தண்டபாணி.

"மாமா, இந்த வருசம் போட்டியில என்னைக் கூப்புடுங்க. அப்பெல்லாம் பூஜ்யம், இப்ப நாம ரெண்டு பேரும் மூணு மார்க்குங்க."

"கம்பி எப்படி மாப்ளே இருக்குது?"

"சூப்பருங்க மாமா. வாராவாரம் எலுமிச்சம்பழம் மாத்தீர்றேன். ஊருக்கண்ணு பொல்லாததுங்களே."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரோஜா, "ஊருக்கண்ணு இல்ல தம்பி, உங்க மாமன் கண்ணுக்கு ரெண்டு பழம் சேத்திக் கட்டு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். போனை வைத்த பிறகும் எனக்குச் சிரிப்பு நீடித்தது என்று சொன்னால் பொய். ஊர்க் கண்ணுக்காக அன்று நான் கட்டிய பழம், இன்று என் கண்ணுக்காகத் தொங்குகிறது. சாமி அறையில் நின்று, "முருகா, அவன் கம்பி..." என்று தொடங்கிய வேண்டுதலை முடிக்க நா எழவில்லை. என் சத்தம் ஒருமுறையாவது அவனுக்குக் கேட்கட்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்தியில் அவனுக்குக் கேட்கவில்லை. ஞாயிறு அந்தியில் சரோஜா ஜன்னல் விளிம்பில் அகல்களை வரிசையாக வைத்து ஏற்றத் தொடங்கினாள். நான் பக்கத்து மேஜையில் காதுக்குழாயோடு உட்கார்ந்திருந்தேன். தண்டபாணி வந்துவிட்டான், கூட்டமும் வந்துவிட்டது. கூப்பிட்டேன். ரஷ்யாக்காரனை எடுத்தான். கூப்பிட்டேன். எய்னோவை எடுத்தான், ஒரே அழைப்பில்.  இன்னொரு ரஷ்யாக்காரன், ஒரு ஃபின்லாந்துக்காரன், இன்னொரு ஃபின்லாந்துக்காரன். என் வீட்டு மாடியில் எல்லோருக்கும் இடம் இருந்தது. கை வலிக்க அடித்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் மூச்சு வாங்கிய ஒரு நொடியில், என் நிலையத்துக்கு லைசென்ஸில் கொடுத்த அழைப்புக் குறியின் கடைசி எழுத்து அவன் கையால் திரும்பி வந்தது. அதைத் தொடர்ந்து முழுக் குறியும்.

போட்டியில் பெயர் சொல்வதில்லை, சௌக்கியம் கேட்பதில்லை. சத்தம் எப்படி என்பதற்கு ஒரு குறி, பிறகு நாம் இருக்கும் மண்டலத்தின் எண், அவ்வளவுதான். உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தியா இருபத்திரண்டு, ஃபின்லாந்து பதினைந்து. ஜெர்மன்காரனுக்கும் ரஷ்யாக்காரனுக்கும் இரண்டு நாளாகப் பதினைந்து என்றே சரியாக அடித்த கை, தண்டபாணிக்கு இருபத்திரண்டு என்று அடித்துவிட்டது.

 எண் சரியா என்று அவனிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

கூட்டம் முழுக்கக் காத்திருந்தது. தப்பான எண்ணை எழுதினால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும்போது அந்தத் தொடர்பு அவனுக்குச் செல்லாது, அதற்கு மேலும் மதிப்பெண் குறைப்பார்கள். மறுபடி இருபத்திரண்டு என்று அடித்தால் போதும், அவன் அதையே எழுதிக்கொள்வான். கை தந்தி அடிக்கும் கீயின் மேல் இருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு அதை அடிக்கத்தான் ஆசை. அவனுக்கு நஷ்டம் வரட்டும் என்பது பாதி. மீதிப் பாதி என்னவென்றால், அது பொய் என்று என் கைக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கம்பி, அந்த மாடி, அந்த மண் எல்லாம் இருபத்திரண்டுதானே. அவனிடமே, என் வீட்டிடமே, நான் பதினைந்து என்று எப்படிச் சொல்வது?

சரோஜா கடைசி அகலை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "தம்பிங்களா?" என்றாள். தலையை ஆட்டினேன்.

பதினைந்து என்று அடித்தேன். நிதானமாக, இரண்டு முறை.

நன்றி என்பதற்கான இரண்டு மோர்ஸ் எழுத்து வந்தது, கடைசிக் கோடு கொஞ்சம் இழுபட்டு. உடனே கூட்டம் மறுபடி அவன் மேல் பாய்ந்தது.

"என்னங்க சொன்னான்?"

"நன்றின்னான்."

"அவ்வளவுதானுங்களா? தீவம் வெச்சாச்சான்னு கேக்கலீங்களா?"

"கேக்க நேரமில்ல அம்மணி. பின்னால ஆளுக நிக்கறாங்க."

ஒருமுறை பேசிய நிலையத்தை அதே அலைவரிசையில் மறுபடி கூப்பிட்டால் மதிப்பில்லை. போட்டி முடியும்வரை நான் அவனிடம் போக முடியாது, கேட்க மட்டும் முடியும். கேட்டுக்கொண்டிருந்தேன். பொறாமை தீரவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தான். நேரம் போனது தெரியவில்லை.

"என்னங்க தட்டறீங்க? வெளக்கு ஆடுது பாருங்க" என்றாள் சரோஜா.

அப்போதுதான் பார்த்தேன். கீயிலிருந்து எப்போதோ எடுத்த என் கை, அகல்களுக்கு நடுவே ஜன்னல் பலகைமேல் கிடந்தது. விரல் மட்டும் மரத்தில் தட்டிக்கொண்டிருந்தது, இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று.