பூட்ஸைக் கழற்றாத மோரிஸ்

என் அக்கா அகத்தாவின் வீட்டுக்காரர் மோரிஸை, எங்கள் ஊர் பாக்கார் ஆராங்கில் யாரும் பூட்ஸ் இல்லாமல் பார்த்ததில்லை. சுங்கை பட்டாணி டவுனில் வாங்கிய அசல் தோல் பூட்ஸ். காலையில் அளவு பார்த்து வாங்கினால் சாயங்காலம் கடிக்கும் என்று, வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் நேரமாகப் போனார். கடைக்காரச் சீனர் கொட்டாவி விடும்வரை கடைக்குள்ளேயே நடந்து பார்த்துத்தான் வாங்கினார். விலையைக் கேட்ட அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பூட்ஸ்தான் செல்லப்பிள்ளை. நனைந்தால் உள்ளே பேப்பரைத் திணித்துக் காற்றாடிக்குக் கீழே வைப்பார். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்குமாம். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும் என்று மூடின அலமாரிப் பக்கமே கொண்டுபோக மாட்டார். சனிக்கிழமையானால் தூசு தட்டி, மெழுகு தடவி, பழைய துணியால் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நான் உதவி செய்வதாக நினைத்துத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன்.

"கேரன், அது பூட்ஸ்லா! உன் தலமுடி இல்ல!" என்று கத்தினார்.

வயதான காலத்தில் மாப்பிள்ளை மினுக்கு என்று ஊர் கேலி பேசியது. பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும்? மெர்போக் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியபோது அத்தானுக்கு இடது காலில் முள் ஏறிவிட்டது. இனிப்புநீர் வியாதியால் புண் ஆறாமல், விரல்கள் அத்தனையும் எடுத்துவிட்டார்கள். பூட்ஸின் முன்பக்கத்தில் இருப்பது வெறும் பஞ்சு. இது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

தோட்டத்து அணிக்காகக் கால்பந்து விளையாடிய மனுஷன். யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் தாங்க மாட்டார். செருப்பைக் கழற்றாமல் ஒரு வீட்டுக்குள் போக முடியாத ஊர் இது. அதனால் கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் வாசலிலேயே நின்று காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். எனக்குத்தான் மனசு கேட்காது.

இந்த வருடம் பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்கு, பன்னிரண்டு பேரில் ஒருவராக ஃபாதர் அவரைக் கூப்பிட்டார். விஷயம் தெரியாமல் கூப்பிட்டதுதான். அத்தானின் முகம் செத்துவிட்டது.

"முடியாதுன்னு நீயே போய்ச் சொல்லிடு," என்றார் அக்காவிடம்.

"வலது காலைத்தானங்க கழுவுவாங்க? இடது பூட்ஸக் கழட்டவே வேணாம்லா."

யோசித்து யோசித்துச் சம்மதித்தார்.

அன்று சாயங்காலம் அந்த வலது காலுக்கு நடந்த உபசாரத்தைப் பார்க்க வேண்டுமே! சோப்பு, நகவெட்டி, பவுடர். மற்ற பதினொரு பேரும் அப்படித்தான் மினுமினுவென்று வந்திருந்தார்கள். ஃபாதர் கழுவுவதற்கு அங்கே அழுக்கு என்று ஒன்றுமே இல்லை.

எல்லாரும் வலது காலை நீட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு வந்தார். அத்தானின் முறை வந்தது. அவர் பவுடர் பூசிய தன் வலது காலை ஒரு நிமிஷம் பார்த்தார். அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். அக்கா நகம் பதிய என் கையைப் பிடித்தாள்.

"வலது கால வீட்டுலயே கழுவிட்டேன் ஃபாதர்," என்றார். "கழுவணும்னா இதத்தான் கழுவணும்."

பூட்ஸையும் காலுறையையும் கழற்றியதும் பஞ்சு தரையில் விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வரியை விட்டுவிட்டார்கள். பின்னால் யாரோ "ஐயோ, பாவம்" என்றார்கள். எனக்கே கேட்டது, அவருக்கா கேட்டிருக்காது? அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஃபாதர் விரலில்லாத அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டார். நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

பூசை முடிந்து காடியின் கதவைத் திறந்து ஏறும்போது கேட்டேன்: "தண்ணி சில்லுன்னு இருந்துச்சா அத்தான்?"

"அந்தக் கால்ல உணர்ச்சியே இல்லலா, கேரன். ஃபாதர் தொட்டதே தெரியல," என்றார். "அதான் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தேன்."