கைப்பிடிக் கம்பியில் தொங்கிய சேலைகள்

தாம்பரத்து மாடிக் கடைகளுக்குக் கால் முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 1973 மே மாதம், என் அக்கா கிரேஸுக்குக் கல்யாணச் சேலை எடுக்கப் போனோம். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அக்கா பள்ளிக்கூட டீச்சர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது காலுக்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். "வெயில்ல நீ எதுக்கும்மா, நானே வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் அப்பா. மாப்பிள்ளையையும் வீட்டில்தான் பார்த்திருந்தார்கள், அதற்கு அவள் தலையாட்டிவிட்டாள். "சேலைய மட்டும் நான் பாத்து எடுத்துக்கறேம்ப்பா" என்றாள்.

காலை ஒன்பதரைக்குப் பம்மலில் சைக்கிள் ரிக்ஷா பிடித்தோம். பல்லாவரம் ஸ்டேஷன்வரை சுமார் மூன்று கிலோமீட்டர், ஒரு ரூபாய். ரிக்ஷாக்காரர், "மெதுவா எறங்குக்கா, வண்டிய புட்ச்சிகினு கீறேன்" என்றார். அங்கிருந்து மின்சார ரயிலில் கால் மணி நேரத்தில் தாம்பரம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கம்பி உண்டு. அக்கா என் கையைத் தொடாமலே ஏறி இறங்கினாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

மார்க்கெட் பக்கம் இருந்தது ஜவுளிக்கடை. பட்டுப் பிரிவு மாடியில். செங்குத்தான படி, ஒரே பக்கம் கம்பி. அந்தக் கம்பியில் மேலிருந்து கீழ்வரை சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், தெருவில் போகிறவர்கள் பார்க்கவாம். அக்கா கையை வைத்ததும் விற்பனையாளர் ஒருவர், "யம்மா, சேல மேல கை வெக்காதீங்க, அழுக்காவும்" என்றார்.

"அப்ப எதப் புடிச்சு ஏறுறது?" என்று கேட்டேன்.

முதலாளி கல்லாவிலிருந்தே, "அவங்க கீழயே உக்காரட்டும்மா, நாலு சேல கொண்டாந்து காட்டச் சொல்றேன்" என்றார். மேலே அலமாரி அலமாரியாகப் பட்டு. இவளுக்கு மட்டும் நாலு.

அக்கா ஏறத் தொடங்கினாள். மூன்றாவது படியில் கைக்கு அடியில் இருந்த சேலை வழுக்கி, முழங்கால் படியில் இடிக்க விழுந்தாள். முதலாளி ஓடி வந்தார். வந்த மனுஷர் முதலில் தூக்கியது சேலையை. ஜரிகை பிரிந்திருக்கிறதா என்று விரித்து விரித்துப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து, கம்பியில் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அழகாக மடித்து என் கையில் கொடுத்துக்கொண்டே மாடிவரை ஏறிவிட்டாள்.

முக்கால் மணி நேரம் பார்த்தாள். மெல்லிய ஜரிகைக் கரை போட்ட வெள்ளைப் பட்டு ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று, "இதுதான்டி" என்றாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

படிக்கு வந்தால், கம்பி முழுக்கத் திரும்பவும் சேலை. அவளுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம்.

"சார், இதையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க, எறங்கணும்" என்றாள்.

"மொதல்ல தங்கச்சி கீழ வந்து பில்லு போடட்டும்மா, அப்புறம் எடுக்கச் சொல்றேன்" என்றார் கீழே கல்லாவில் இருந்த முதலாளி.

அக்கா அந்த வெள்ளைச் சேலையைப் பக்கத்திலிருந்த மேசைமேல் வைத்துவிட்டு, "வேணாம் சார்" என்றாள்.

இந்த முறை கம்பியைக் காலி செய்தது நான். மடிக்கவில்லை. முதலாளி போட்ட சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா வெறும் கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்கி வந்தாள். வெளியே வந்ததும், "அந்தச் சேல நல்லாயிருந்துச்சுடி" என்றாள்.

எதிர்ச் சாரியில் வாசலோடு சமதரையாக இருந்த சின்னக் கடையில் ஒரு வெளிர்மஞ்சள் பட்டு எடுத்தோம். அவளால் நடந்து போக முடிந்த கடையில் என்ன இருந்ததோ, அதைக் கட்டித்தான் கல்யாணம் நடந்தது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏறுவதற்கு முன் கம்பியை ஆட்டிப் பாருங்கள். கடைசிப் படிவரை வருகிறதா என்று பாருங்கள். அதில் துணி, பை, பொம்மை எது தொங்கினாலும் எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் இறங்கும்வரை அது காலியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் நீங்களே எடுங்கள். அக்காவைக் கேட்டால் மடித்து வைக்கச் சொல்வாள். நான் சொல்ல மாட்டேன்.