‘கொறஞ்சிட்டு’ என்று சொல்கிறவர்கள்

ஊசி, மாத்திரை, மெஷின் ஒன்றுமில்லாமல் பத்து விரலை மட்டும் நம்பிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. புதுக்கடை ஜங்ஷனில் ‘ஆஸ்டியோபதி’ என்று போர்டு மாட்டி ஒன்பது வருஷமாகிறது. தசையையும் மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்து, தளர்த்தி, வலியைக் குறைக்கிற வேலை என்று பொறுமையாக விளக்குவேன். எல்லாம் கேட்டுவிட்டு, எண்ணெய் நான் தருவேனா, அவர்கள் வாங்கி வரவேண்டுமா என்பார்கள். நாள்பட்ட வலியோடு இதை வாசிக்கிற சக நோயாளிகளே (எனக்கும் இடது தோளில் உண்டு, பிறர் முதுகைப் பிடித்துப் பிடித்து வந்தது), எங்களிடம் வந்தால் என்ன நடக்கும் என்பதை இங்கே நடந்ததைக் கொண்டே சொல்லிவிடுகிறேன்.

விசாரணை

முதல் அரை மணி நேரம் கையே வைக்கமாட்டேன். எப்போது தொடங்கியது, எப்படிப் படுப்பீர்கள், பழைய அடி உண்டா, சர்க்கரை உண்டா, எங்காவது மரத்துப்போகிறதா என்று கேள்விதான். ரப்பர் பால் வெட்டுகிற தங்கராஜ் அண்ணன், பாதிக் கேள்வியிலேயே சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டார். எழுப்பி நிற்கவைத்தேன், குனியச் சொன்னேன், அங்குமிங்கும் நடக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது நடையில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் முதுகக் காட்ட வந்தேன். நீங்க மாப்பிள பாக்க வந்தது போலல்லா விசாரிக்குதிய!”

சத்தம்

துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் ஷிபு, லீவில் வந்தபோது நடு பிடித்துக்கொண்டது என்று வந்தான். எங்கள் ஊரில் இடுப்பை நடு என்போம். அவன் போட்டிருந்த பேண்டில் முழங்காலை மடக்கவே முடியவில்லை. (தளர்ந்த உடுப்போடு வாருங்கள், புண்ணியமாகப் போகும்.) போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ யாருடைய கழுத்தையோ திருப்ப, படக்கென்று சத்தம் வந்தது. அதேபோல் தனக்கும் வேண்டுமாம்.

சத்தம் வந்தால்தான் குணமாகும் என்றில்லை என்று சொல்லி, இடுப்பை மெதுவாக அசைத்து விட்டேன். முடிந்ததும் தானே குனிந்து ஷூவுக்கு லேஸ் கட்டினான். முகம் மட்டும் தெளியவில்லை.

“வலி கொறஞ்சுது, அது செரி அக்கா. ஆனா ஒரு சத்தமும் வரல்லியே, வீட்டுல போய் நான் என்ன சொல்ல?”

கால்

மரியபுஷ்பம் அம்மா தேங்காப்பட்டணத்தில் மீன் ஏலம் எடுத்து, சருவம் என்கிற அகன்ற பாத்திரத்தில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வீடு வீடாக விற்பவர். நடுவிலிருந்து வலது பாதம் வரை வலி இழுத்தது. நான் இடுப்பில் கை வைத்ததும், நோவுவது கால்தானே என்று சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் நரம்பு நசுங்கினால் காலில்தான் தெரியும் என்றேன். பாதத்தில் உணர்ச்சியும் பலமும் அன்று சரியாகவே இருந்தன. இரண்டொரு நாள் உடம்பு நோவும், பயப்படவேண்டாம், சுமை மட்டும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

“எனக்க கால நல்லாக்கித் தா மக்கா, அது போதும். கால் போனா பொழப்பும் போச்சு.”

ஒற்றைச் செருப்பு

இரண்டாம் தடவை வந்த மரியபுஷ்பம் அம்மா, எப்படியிருக்கிறது என்றதும் “கொறஞ்சிட்டு” என்றார். மூன்றாம் தடவை “முக்காவாசி போச்சு” என்றார், கையில் எனக்காக ஒரு பொதி சாளை மீன். நானும் பெருமையோடு எழுதிக்கொண்டேன். குறைந்துவிட்டது என்கிறவரிடம் என்ன சோதனை என்று பாதத்தை மறுபடி பார்க்கவில்லை.

நான்காம் தடவை அவர் போன பிறகு படியில் வலது செருப்பு மட்டும் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். உச்சி வெயிலில் தார் ரோடு கொதிக்க, பஸ் ஸ்டாப்பில் ஒற்றைச் செருப்போடு பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார். செருப்பு கழன்றதும் தெரியவில்லை, ரோடு சுட்டதும் தெரியவில்லை. உட்காரவைத்துப் பாதத்தைக் கிள்ளினேன், தெரியவில்லை என்றார். விரலைத் தூக்கச் சொன்னேன், எழவில்லை. மூத்திரம் போவது தெரிகிறதா என்று காதில் கேட்டேன். நேற்றிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இடுப்பில் நரம்பு மோசமாக நசுங்குகிற அடையாளம் இது, கையால் தீர்கிற வலியில்லை. ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாதது. ஆட்டோ பிடித்து நானே நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று வழியெல்லாம் கத்தினேன். கோபம் பாதி அவர்மேல், பாதி என்மேல்.

“நீ வேர்த்து வடிய பிடிச்சு விடுத. கொறையல்லண்ணு சொன்னா உனக்க மனசு நோவாதா மக்கா?”

இப்போது

அன்றே ஆபரேஷன் நடந்தது. மூத்திரத் தொல்லை தீர்ந்தது. பாதம் முழுதாக மீளவில்லை. தலைச்சுமை போய்விட்டது, சந்தையில் உட்கார்ந்து விற்கிறார். நான் இன்னும் கொஞ்சம் முன்பே பார்த்திருந்தால் என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். மாதம் ஒருமுறை வருகிறார். வாய் திறக்குமுன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். அவரும் மாறிவிட்டார்.

“இன்னைக்கு ஒரு பொட்டும் கொறையல்ல. நீ வெசனப்படப்பிடாது, என்னா?”

ஆகவே சக நோயாளிகளே, வரும்போது தளர்ந்த உடுப்பையும் பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், மரியாதையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.