தாயம் விழுந்து செத்தவர்

என் மாமனார் முதல்முறை செத்தது அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில். செத்த கையோடு டீ கேட்டார். இப்படி ஆரம்பித்தால் எனக்குக் கிறுக்கு என்பீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் கொழுந்தன் பெரம்பலூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படித்தபோது, ஹாஸ்டலில் யாரோ வைத்திருந்த ஒரு வெளிநாட்டு விளையாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்தான். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, அந்தக் கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்று பகடை தீர்மானிக்கும். இருபது முகம் கொண்ட பகடையாம். அதை எந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுப்பது? என் மாமியாரின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொண்டோம்.

கொழுந்தன் கதை சொன்னான். என் வீட்டுக்காரர் மந்திரவாதி. நான் திருடி. மாமா வாள்வீரர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் அவர். சுரங்கத்திலிருந்து என்றைக்கோ எடுத்து வந்த, கல்லாகிப்போன பெரிய நத்தைதான் எங்களுக்கு ராட்சதப் பாம்பு. அதை எதிரில் வைத்துக்கொண்டு, வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை பேசாத மனிதர் மணிக்கணக்கில் பேசினார். முக்கால்வாசி சண்டைதான். புத்தகத்தில் ஒன்று விழுந்தால் படுதோல்வி என்று போட்டிருந்தது. மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"தாயம் விழுந்தா தோல்வின்னு எந்த ஊருல இருக்கு? எழுதுனவன் ஆடியிருக்க மாட்டான்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒன்று விழுந்தால் வெற்றி. பாம்பைக் கொன்று கிடைத்த தங்கத்தில் வாள் வாங்கலாம், கேடயம் வாங்கலாம் என்றது புத்தகம். மாமா ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பு வாங்கினார். அடுத்த பாம்பின் தங்கத்தில் தோப்புக்குத் தண்ணீர்ப் போர் போட்டார். கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் அனுமதித்தான்.

பிறகு அவன் வேலைக்கு மஸ்கட் போனான். மறு வருஷம் மாமியார் தவறிப்போனார். பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில். அவன் லீவு தரவில்லை. எங்கள் பக்கம் அப்பாவுக்கு மூத்த மகனும் அம்மாவுக்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். என் வீட்டுக்காரர்தான் வைத்தார். கொழுந்தன் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அதிலிருந்து போனில் அப்பாவும் பிள்ளையும் "சாப்டியா", "சாப்டேன்" என்ற இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டார்கள். இந்த இரண்டு பேரும் இப்படியே இருந்து தொலைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் அந்த விளையாட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றி எழுதினான். படம் கிடையாது, எழுத்து மட்டும். இன்டர்நெட் வழியாக அங்கிருந்தும் இங்கிருந்தும் ஒன்றாக ஆடலாம். கதை சொல்லும் வேலையை மிஷின் எடுத்துக்கொண்டதால் அவனும் வில்லாளியாக உள்ளே இறங்கினான். அவன் ரூமில் இருந்த மூன்று பையன்கள் கொள்ளைக்காரர்கள். அவர்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை. ஆகவே வெள்ளிதோறும் சாயங்காலம் மாமாவை அழைத்துக்கொண்டு நான் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் என்று ஒரு சாக்கு. மாமாவுக்கு டைப் அடிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். வருவதைப் படித்துக் காட்டுவேன்.

முதல் வெள்ளிக்கிழமை உள்ளே நுழைந்ததுமே கேட்டார். "என் தோப்பு எங்கம்மா?"

தோப்பு இல்லை. மிஷினுக்கு முந்திரி தெரியாது. கொழுந்தன் ஒரு வாரம் உட்கார்ந்து தோப்பையும் போரையும் எழுதிச் சேர்த்தான். அடுத்த வாரம் மாமா தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு குகைக்குப் போனார். பாம்பை வெட்டச் சொன்னார். அடித்தேன். மிஷின் பகடையை உருட்டியது.

"ஒண்ணு விழுந்திருக்கு மாமா."

"தாயம்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். பக்கத்து மிஷினில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பெண் பதறிப்போனாள்.

அடுத்த வரியை நான் படித்தேன். வாள் நழுவியது, பாம்பு விழுங்கியது, வாள்வீரர் இறந்தார். தோப்பைச் சேர்த்த கொழுந்தன் தாயத்தை மறந்துவிட்டான். மகன் எழுதிய விளையாட்டு அப்பனைக் கொன்றுவிட்டது.

மஸ்கட்டிலிருந்து பதறியடித்துக்கொண்டு வந்தது பதில். "அண்ணி, அப்பாவ புது ஆளா வரச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலைதான்."

மாமா டீயை உறிஞ்சினார். "செத்தவனுக்குக் காரியம் பண்ணாம புது ஆளு எப்படிடா வருவான்? மொதல்ல பொணத்த எடுக்கிற வழியப் பாரு."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை. அடுத்த வாரத்துக்குள் கொழுந்தன் சங்கு, மாலை, கோடித்துணி, பாடை, கொள்ளி எல்லாவற்றையும் விளையாட்டுக்குள் எழுதி வைத்தான். மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தன் சாவுக்கு வந்தார். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை மரியாதையாக நிறுத்தினார்.

கொள்ளைக்காரர்கள் மூவரும் மாலை போட்டார்கள். மாமாவுக்குத் திருப்தியில்லை. "அந்தப் பாம்பு வரலியா? கூப்புடு தூரத்துலதானே குகை?"

அதுதான் கொன்றது என்று ஞாபகப்படுத்தினேன்.

"அதுக்காக? சாவுக்குக்கூட வராம இருக்கலாமா?"

தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும், நானும் ஒரு கை பிடிக்கிறேன் என்றேன். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்றார். பொணம் மட்டும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டேன். கடைசியில் கொள்ளைக்காரர்களோடு வில்லாளியே தோள் கொடுத்தான். தூக்கினால், "இறந்தவர் நகர முடியாது" என்றது மிஷின். மறுபடி தூக்கினார்கள். இறந்தவர் நகர முடியாது.

"நகர முடியாதுன்னுதானேடா தூக்குறோம்!" என்று மாமா திரையைப் பார்த்துக் கத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொழுந்தன் அங்கே எதையோ அவசரமாகத் திருத்தினான். பிணம் ஒருவழியாகக் கிளம்பியது.

சுடுகாட்டில் கொழுந்தன் கேட்டான். "அண்ணி, கொள்ளி அண்ணன்தானே வெக்கணும்? ஷிஃப்ட் முடியட்டும், காத்திருக்கலாமா?"

படித்துக் காட்டினேன். மாமா வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தார். என் சிரிப்பு அடங்கிப்போனது.

"இத சின்னவன் வெக்கட்டும்."

அடித்தேன். அப்புறம் ஒரு வரி வந்தது. வில்லாளி கொள்ளி வைத்தான்.

"நான் சொல்றத அப்படியே அடிம்மா" என்றார் மாமா. "உங்கம்மாவுக்கு நீ வெக்க வேண்டியது இது. வெச்சுட்டே. அவளுக்குப் போயி சேந்துடும். இனிமே அதையே நெனச்சுக்கிட்டு கெடக்காத. உன் மேல இங்க யாருக்கும் வருத்தம் கெடயாது."

எனக்குக் கண் மறைத்தது. பாதி எழுத்து தப்பாக விழுந்தது. திருத்தாமலே அனுப்பினேன்.

அந்த விளையாட்டில் அழுகை என்று ஒரு கட்டளை உண்டு. அதை அடித்தால் மிஷின் எல்லாருக்கும் அறிவிக்கும். வில்லாளி அழுகிறான் என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே அதே வரி மறுபடி வந்தது. திரை நிறைந்து மேலே ஏறியும் நிற்கவில்லை.

"என்னாம்மா சொல்றான்?" என்று மாமா கேட்டார்.

"அழுவுறாரு மாமா. நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றார். "இப்பவாவது அழுவட்டும்."