கெங்கம்மாள் நம்பாத ரிப்போர்ட்

திருமுல்லைவாயில் கெங்கம்மாள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். 1991இல் அடிவயிற்றில் கட்டி தட்டுப்பட்டது. விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "கேன்சர் மாதிரிதான் தெரியுது" என்றார். கருப்பையோடு கட்டியையும் எடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து அதே டாக்டர், "கேன்சர் இல்லைம்மா. அபூர்வமான கிருமி. கருத்தடைக்குன்னு எப்பவோ போட்ட காப்பர்-டி உள்ளேயே கிடந்திருக்கு, அதுல வளர்ந்திருக்கு. ஆறு மாசம் பென்சிலின், முதல்ல ஊசி, அப்புறம் மாத்திரை" என்றார்.

காப்பர்-டி என்றதும் கணவன் துலுக்கானம் அவளைத் திரும்பிப் பார்த்தான். மூன்றாவது பிரசவத்துக்குப் பின் அவனுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டது. பதினொரு வருஷம் மறைத்தவளுக்கு, இப்போது அவன் கேன்சரை மறைக்கிறான் என்று பட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அழுததை அவள் பார்த்திருந்தாள். கேன்சரில் செத்துப்போன எதிர்வீட்டுப் பொன்னியம்மாவிடமும் 'வெறும் புண்ணு' என்றுதான் சாகும்வரை சொன்னார்கள்.

"மெய்யாலுமே சொல்லு. இன்னும் எத்தினி நாளு?"

"ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாரு!"

"அப்பறம் இன்னாத்துக்கு அழுத?"

"பயம் வுட்டுச்சுன்னு அழுதேன்."

அவள் நம்பவில்லை. நாத்தனார் வஞ்சிரம் குழம்பு கொடுத்தனுப்பினால், கடைசி ஆசை தீர்க்கிறார்களோ என்று தட்டைத் தள்ளிவைத்தாள்.

ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டை முந்தானையில் மறைத்து, பஸ் ஏறிப் பூந்தமல்லி போனாள். அங்கே அவளைத் தெரிந்தவர் யாருமில்லை. மருந்துக்கடை கலீல் ரகுமானிடம் நீட்டினாள்.

"என் நாத்தனாரோடது பாய். கேன்சரு எந்த மட்டும் பரவிகீதுன்னு பாத்துச் சொல்லு."

அவர் இரண்டு முறை படித்தார். "கேன்சர் இல்லன்னு தெளிவா போட்டுகீது. கிருமிதான். ஊசி, மாத்திரை எதையும் பாதியில நிறுத்தச் சொல்லாத."

"பொய் சொல்லலியே?"

"உன் நாத்தனார் யாருன்னே எனக்குத் தெரியாது. நான் இன்னாத்துக்கும்மா பொய் சொல்லணும்?"

அந்த வார்த்தை அவளைப் பிடித்து உலுக்கியது. பஸ் நிலையத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வீடு வந்து போன இடத்தைச் சொன்னாள். துலுக்கானத்துக்குக் கோபம் வந்தது. "ஊர் பேர் தெரியாதவரை நம்புவ, என்னை நம்ப மாட்டியா? அந்தக் காப்பர்-டியையும் ஏன் சொல்லல?"

"நாலாவது புள்ள வோணும்னு நின்னியே. சொன்னா வுட்டிருப்பியா?"

மூன்றாம் நாள் அவனே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். தை மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள்.