திருப்பிக் கொடுத்த துவக்கு

லண்டன் செவன் கிங்ஸில் வேதவல்லியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுசி என்பார்கள். வாரத்தில் ஐந்து நாள் சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் ரில்லில் நிற்பாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் போய், பிள்ளைகள் கையில் துவக்கும் தோட்டாவும் எப்படி வந்து சேருகிறது என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுவாள். கூடவே சந்திரவதனாவும் வருவாள். சந்திரவதனாவின் மகன் ஜதுசன் பதினைந்து வயதில் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, வேறு யாரையோ குறிவைத்துச் சுட்ட வெடி பட்டுச் செத்தவன். சுட்டவன் இன்னும் பிடிபடவில்லை.

தங்கமான மனுசியாம். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வேதவல்லி பேச்சை மாற்றிவிடுவாள்.

நான்கு வருடத்துக்கு முன், ஏப்ரல் ஆறாம் திகதி, பகல் பதினொரு மணி. பொயிலர் அலுமாரியைத் துப்புரவாக்கப் போனவளின் கையில், காலுறைக்குள் சுற்றிய பாரமான ஒன்று தட்டுப்பட்டது. அவிழ்க்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. சண்டைக்குள் வளர்ந்த கைக்கு அந்தப் பாரம் தெரியாதா என்ன?

மகன் லக்‌ஷனுக்கு அப்போது பதினாறு வயது. "என்ரை இல்லை அம்மா. ஒருத்தன் ஜஸ்ட் ரெண்டு நாள் வைச்சிருக்கச் சொன்னவன்," என்று அழுதான்.

வேறொரு தாய் என்றால் பொலிஸுக்குப் போன் எடுத்திருப்பாளோ என்னவோ. வேதவல்லி படித்த பாடம் வேறு. யாழ்ப்பாணத்தில் இயக்கப் பெடியன் ஒருவன் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன துவக்கை, ஆமி சுற்றிவளைக்க முன் அவளுடைய அப்பா தேடிப்போய் அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். பிறகு வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதனால்தான் ஏழு பேரும் உயிரோடு மிஞ்சினார்கள். உடையவனிடம் கொடு, கண்டதாகக் காட்டிக்கொள்ளாதே. பாழாய்ப்போன அந்தப் புத்தியைத்தான் அவள் லண்டனுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

பைக்குள் கீரைக்கட்டுகளுக்கு அடியில் வைத்து, மகன் சொன்ன கார் பார்க்குக்குக் கொண்டுபோனாள். பதினெட்டு வயதுகூட இராது அங்கே காத்து நின்ற பெடியனுக்கு. வாங்கிக்கொண்டு, மரியாதையாக, "தாங்ஸ் ஆன்ரி" என்றான்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் ஜதுசன் செத்தான்.

அதே துவக்குத்தானா? அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் அவளைத் தின்றது. முப்பத்தொரு நாளும் செத்தவீட்டுக்குச் சாப்பாடு காவினாள். ரில்லில் எந்தப் பெடியன் "தாங்ஸ்" என்றாலும் மிச்சக்காசைத் தவறவிட்டாள். பஸ்ஸில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று முன்னால் இருந்தால் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால் லக்‌ஷன் ஜெயிலுக்குப் போவான். இப்போது அவன் லெஸ்டர் யூனிவேர்சிற்றியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். பெற்றவள் எந்த வாயால் சொல்லுவாள்?

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சற்குணம் என்ற தகப்பன் எழும்பினார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பெத்த பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? நீங்கள் எண்டால் பொலிஸுக்குச் சொல்லுவீங்களோ?"

வேதவல்லி வாய் திறக்க முன் சந்திரவதனா சொன்னாள். "சொல்லுவா. இவவை எனக்குத் தெரியும்."

மண்டபத்தில் தலைகள் ஆடின.

"இல்லை," என்றாள் வேதவல்லி. "என்ரை வீட்டிலை இருந்தது. நான் சொல்லேல்லை. திருப்பிக் குடுத்தனான்."

ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், திகதியையும். சந்திரவதனா விரல் மடித்து நாளைக் கணக்குப் பார்த்தாள். பிறகு தான் இருந்த கதிரையை வேதவல்லியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள்.

"என்ரை பிள்ளையின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நீங்கள்தானே அக்கா சமைச்சனீங்கள்." குரல் உயரவே இல்லை. "அந்தப் பெடியன்ரை பேர் தெரியுமோ?"

"ஓம்."

சந்திரவதனா, மகனின் வழக்கை விசாரிக்கும் பொலிஸ்காரியின் இலக்கத்தை அழுத்தி, போனை வேதவல்லியின் முன்னால் வைத்தாள். "சொல்லுங்கோ."

வேதவல்லி அந்தப் பெடியனின் பெயரைச் சொன்னாள். துவக்கை வீட்டில் வைத்திருந்தது யார் என்று மறுமுனையில் கேட்டார்கள். பெற்ற மகனின் பெயரை, ஆங்கில எழுத்துகளில், ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.